தனி ஆளாகக் குடியிருந்து கடல் சுற்ற, கைக்கு அடங்கிய விலையில் பழைய பாய்மரப் படகு: லங்காவியில் தேடுகிறவர்களுக்கு

படகு தேட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அடி, என்ன விலை என்றுதான். இரண்டும் தேவையான கேள்விகளே, ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி, சுமாத்ரா பக்கமிருந்து கறுத்துக்கொண்டு காற்று வருகிறது, நங்கூரம் பிடி விட்டுப் படகு பின்னால் நழுவுகிறது, மழையில் டார்ச் வெளிச்சம் பத்தடி கூடப் போகவில்லை, கூட ஆளும் கிடையாது. அந்தப் பத்து நிமிஷத்தை இந்தப் படகில் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் மேற்கொண்டு பார்க்கலாம். முடியாது என்றால் எவ்வளவு அழகாக, எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நமக்கு ஆகாது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்புவதுதான்.

மலேசியாவின் லங்காவியையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் வைத்தே பேசுகிறேன். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அது கொல்லைப்புறம். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். இந்தியாவில் பழைய பாய்மரப் படகுச் சந்தை மிகச் சிறியது, தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஒரே நேரத்தில் நாலைந்து படகு கண்ணில் படாது. லங்காவியில் குவா ஊர்த் துறை, தெலாகா, ரெபாக் தீவு என்று மூன்று இடத்தைச் சுற்றினாலே விற்பனை அட்டை தொங்கும் படகுகள் வரிசையாகக் கிடைக்கும்.

ஏன் அங்கே அவ்வளவு படகு என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசவும் உதவும். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கிளம்பிப் பசிபிக்கைக் கடந்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியா வழியாக வருகிறவர்களுக்கு மலாக்கா நீரிணை ஒரு பெரிய நிறுத்தம். அதற்கப்புறம் மேற்கே போக இந்தியப் பெருங்கடல், பிறகு செங்கடல். சோமாலியக் கடற்கொள்ளையர்கள் அந்த வழியைக் கெடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் என்ற பாய்மரப் படகில் இருந்த நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டபின் பலரும் அந்தப் பக்கம் போவதையே விட்டார்கள். கொஞ்சம் அடங்கி மறுபடி போக ஆரம்பித்தபோது 2023 கடைசியில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். மிச்சமிருக்கும் வழி தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் போவது. அறுபது எழுபது வயதில், மனைவி ஏற்கெனவே விமானத்தில் ஊருக்குப் போய்விட்ட நிலையில், அந்தச் சுற்றுக்கு மனசு வராமல் இங்கேயே விற்றுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய அலுப்புதான் நமக்குத் தள்ளுபடி.

ஒரு எச்சரிக்கையும் இதிலேயே இருக்கிறது. 2020-ல் எல்லைகள் மூடியபோது படகை விட்டுப்போனவர்கள் பலர் திரும்பி வர முடியவில்லை. அப்படி வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த படகுகள் மலிவாகக் கிடைக்கும். பூட்டிக்கிடந்த படகும் ஓடிக்கொண்டிருக்கிற படகும் ஒரே மாதிரி, ஒரே வருஷத்தது என்றால், இரண்டாவதற்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் லாபம் இரண்டாவதில்தான். உரிமையாளர் இன்றைக்கும் அதில் குடியிருக்கிறார், போன மாதம் கூடப் பாய் விரித்துப் போய்வந்தார் என்றால் காது கொடுத்துக் கேளுங்கள்.

எத்தனை அடி?

27 முதல் 33 அடி. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், படகின் எடை நீளத்தோடு நேராக ஏறுவதில்லை, நீளம் கொஞ்சம் கூடினாலும் அகலம், ஆழம் எல்லாம் சேர்ந்து கூடுவதால் எடை பாய்ந்து ஏறும். 28 அடிப் படகு மூன்றரை, நாலு டன் இருக்கும். 38 அடி என்றால் எட்டு ஒன்பது டன். நாலு டன் படகு மெரினாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், பக்கத்துப் படகை உரசப் போகிறது என்றால் காலை ஊன்றிக் கையால் தள்ளிப் பிடித்துவிடலாம். ஒன்பது டன்னைத் தள்ள நினைத்தால் கை போய்விடும்.

நங்கூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாம் அதிலேயே தெரியும். சின்னப் படகுக்கு 8 மில்லிமீட்டர் சங்கிலி போதும், அது மீட்டருக்கு 1.4 கிலோ. பத்து மீட்டர் ஆழத்தில் நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் உங்கள் கையில் தொங்குவது 14 கிலோ சங்கிலி, அதோடு ஒரு 15 கிலோ நங்கூரம், மொத்தம் 30 கிலோவுக்குப் பக்கம். முதுகு வலிக்கும், ஆனால் முடியும். 38 அடிக்கு வாருங்கள்: 10 மில்லிமீட்டர் சங்கிலி, மீட்டருக்கு 2.3 கிலோ, இருபது கிலோ நங்கூரம், மொத்தம் 43 கிலோ, அதையும் ஆடிக்கொண்டிருக்கும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நனைந்த தரையில் நின்று இழுக்க வேண்டும். சங்கிலியைச் சுருட்டி இழுக்கும் மின்சார விஞ்ச் இருக்கிறதே என்பார்கள். இருக்கும். நல்ல மழையில், பாட்டரி இறங்கிய ராத்திரியில் அது வேலை செய்யாமல் போவதுதான் வழக்கம், அதனால் கையால் இழுக்க முடிகிற அளவுதான் ஒற்றை ஆளின் உச்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் படகு மெதுவாகப் போகும் என்பது நிஜம். தண்ணீர்மட்டத்தில் ஏழு மீட்டர் நீளமுள்ள படகு ஆறரை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைச் சுலபத்தில் தாண்டாது, நாள் முழுக்கச் சராசரி நாலரை, ஐந்து என்று கணக்குப் போட வேண்டும். லங்காவியிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 1,100 கடல் மைல், அதாவது ஒன்பது பத்து நாள். பெரிய படகு ஏழு நாளில் போகும். அந்த இரண்டு மூன்று நாளுக்காக வருஷம் முழுக்கக் கூடுதல் மெரினா வாடகை, கூடுதல் பெயிண்ட், கூடுதல் பாய்த்துணி என்று கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மெரினாவும் அடிக்கணக்கில்தான் காசு வாங்குகிறது, படகைத் தூக்கி வைக்கும் யார்டும் அப்படித்தான்.

எந்தப் படகு?

பெயர்ப் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம், ஆனால் சில பெயர்கள் தெரிந்திருந்தால் நல்லது. ஸ்வீடனில் 1960களிலும் 70களிலும் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஆல்பின் வேகா 27. அமெரிக்கரான மாட் ரதர்ஃபோர்ட் இந்த 27 அடிப் படகில்தான் 2011-12ல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களை ஒரே மூச்சில் தனியாகச் சுற்றினார், 309 நாள். இங்கிலாந்தின் கான்டெஸா 32: 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்துப் பதினைந்து போட்டியாளர்கள் இறந்தபோது, மிகச்சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது அசென்ட் என்ற ஒரு கான்டெஸா 32 மட்டும்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் படகுகளில் எஸ் அண்ட் எஸ் 34 தென்பட்டால் நின்று பாருங்கள். டேவிட் டிக்ஸ், ஜெஸ்ஸி மார்ட்டின், 2010-ல் பதினாறு வயதில் சுற்றி முடித்த ஜெஸிகா வாட்சன், மூவரும் தனியாக உலகைச் சுற்றியது இந்த மாடலில்தான். 34 அடி என்றாலும் ஒல்லியான படகு, உள்ளே 30 அடிப் படகு அளவுதான் இடம், அதனால் நான் சொன்ன வரம்புக்குள் வந்துவிடும்.

நீளம் மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. வெஸ்ட்செயில் 32 நீளத்தில் 32 அடிதான், எடை ஒன்பது டன். 1991 அக்டோபர் கடைசியில் அட்லாண்டிக்கில் அடித்த பெரும்புயலில் சடோரி என்ற வெஸ்ட்செயிலிலிருந்து ஆட்களைக் கடலோரக் காவல்படை மீட்டுக் கொண்டுபோனது. ஆளில்லாத படகு அப்புறம் தானாகவே கரை ஒதுங்கியது, பெரிய சேதம் இல்லாமல். அப்படியொரு உறுதி. ஆனால் மலாக்கா நீரிணையில் பாதி நாள் காற்றே இருக்காது, அந்த எடையை எஞ்சின்தான் தள்ள வேண்டும்.

இங்கே என் கருத்து ஒன்று. முழு நீளக் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த பகுதி), அதோடு ஒட்டிய சுக்கான், பழைய பாணிக் கனத்த படகு இல்லாமல் கடலுக்கே போகக் கூடாது என்று ஒரு கூட்டம் சொல்லும். தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்துக்கு அந்த விதி உண்டு. 2022-ல் கிளம்பிய பந்தயத்தில் நம் அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்த ரஸ்ட்லர் 36 அந்த வகைதான். தென்பெருங்கடலுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. லங்காவி, புக்கெட், போர்னியோ, காலம் பார்த்து இலங்கை என்று சுற்ற நினைக்கிறவருக்கு அந்தப் படகு மெரினாவில் ரிவர்ஸ் போகாமல் மானத்தை வாங்கும். கொஞ்சம் நீண்ட துடுப்புக் கீலும், முன்னால் ஸ்கெக் என்னும் சின்ன முட்டு தாங்கிய சுக்கானும் இருந்தால் எனக்குப் போதும். 90களின் பெனட்டோ, ஜீனோ, பவேரியா போன்ற கம்பெனிப் படகுகளையும் ஒதுக்க வேண்டாம், நல்ல நிலையில் இருந்தால் வெப்பமண்டலத்தில் குடியிருக்க அவை வசதி.

கட்டுமானப் பொருள் ஃபைபர்கிளாஸ் மட்டும். இரும்புப் படகு இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கும், வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருக்கும், துரு உள்ளிருந்துதான் தின்னும். மரப் படகைக் கடல் புழு தின்னும். சிமென்ட் படகு அடிமாட்டு விலைக்கு வரும், காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

காசுக் கணக்கு

கையில் மொத்தம் 30,000 அமெரிக்க டாலர் இருந்தால் படகுக்கு 20,000-க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் ஒரு வருஷத்துக்குள் தானாகவே கரையும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், முப்பதடிப் படகுக்கு 3,000 டாலருக்குக் குறையாது. பெரிய பாயும் முன்பாயும் புதிதாகத் தைக்க அதே அளவு. டீசல் எஞ்சின் போய்விட்டது என்றால், புதியது வாங்கிப் பொருத்துவதற்குள் 10,000 டாலர் சுலபமாகத் தாண்டும். ஆகவே விளம்பரத்தில் சாமான் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் இந்த மூன்றும் எந்த வருஷத்தது, ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பத்து வருஷப் பழைய ரேடார், சார்ட் பிளாட்டர், டிவி எல்லாவற்றுக்கும் என் கணக்கில் மதிப்பு பூஜ்யம். காற்றுத் திசையை வைத்துத் தானே படகை ஓட்டும் விண்ட்வேன் பின்னால் தொங்கினால் அது சொத்து. புதிதாக வாங்கினால் 5,000 டாலருக்கு மேல்.

நேரில் பார்க்கும்போது

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், நல்ல டார்ச், சாக்பீஸ், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், இவ்வளவு போதும்.

கதவைத் திறந்ததும் முதலில் மூக்கு. டீசல் நாற்றம், பூஞ்சை நாற்றம், கக்கூஸ் நாற்றம் மூன்றும் மூன்று வேறு செலவு. அப்புறம் தரைப் பலகையைத் தூக்கி அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரில் விரலைத் தொட்டு, எண்ணெய் மிதக்காவிட்டால், நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் பெரும்பாலும் மழைநீர், அதாவது மேல்தளம் ஒழுகுகிறது. பழைய படகில் இரண்டாவதுதான் அதிகம், சரிசெய்யக் கஷ்டமானதும் அதுதான்.

மேல்தளம் ஏன் அவ்வளவு தொல்லை என்றால், அது இரண்டு ஃபைபர் ஏடுகளுக்கு நடுவில் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்த அடுக்கு. ஆணி போட்ட ஏதாவதொரு துளை வழியாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் நடு மரம் ஊறி அழுகும், மேலே ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் ஸ்க்ரூடிரைவர் பிடி. யார்டில் ஏற்றி வைத்திருந்த ஒரு 31 அடிப் படகில் தட்டிக்கொண்டே போனேன். அணியத்திலிருந்து டக், டக் என்று காய்ந்த சத்தம். பாய்மரத்துக்குப் பக்கவாட்டில் கம்பி இறங்கும் உலோகப் பட்டை, செயின்பிளேட் என்பார்கள், அதை நெருங்கும்போது சத்தம் தொப் என்று இறங்கியது. சத்தம் மாறும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்து இணைத்தபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் வந்தது. உரிமையாளர் "அது பெயிண்ட் தடிப்பு" என்றார். உள்ளே போய் அதற்கு நேர் கீழே இருந்த அலமாரியைத் திறந்தால், துணிகளுக்குப் பின்னால் மரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு, தேநீர் வழிந்த மாதிரி. பாய்மரத்தைத் தாங்கும் பட்டையே ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டையைக் கழற்றிப் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை, ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்திருந்தாலும் காற்றுப் படாத ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும்.

தேக்குப் பலகை பதித்த மேல்தளம் கண்ணைப் பறிக்கும். 70, 80களின் தைவான் படகுகளில் அதை நூற்றுக்கணக்கான திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை. நான் தள்ளியே நிற்பேன்.

பாய்மரக் கம்பிகளின் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்து உருவுங்கள், ஒரு இழை அறுந்திருந்தாலும் பேப்பர் மாட்டிக்கொள்ளும். கம்பி முனைகளைப் போன் காமிராவில் பெரிதாக்கிப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். பாய்மரம் உள்ளே இறங்காமல் தளத்தின் மேல் நிற்கும் படகுகளில் அதன் கீழே உள்ள கழிவறைக் கதவைச் சாத்திப் பாருங்கள். சட்டத்தில் இடித்துச் சாத்த முடியவில்லை என்றால் மேலே உத்தரம் அமுங்குகிறது என்று அர்த்தம்.

கீலுக்கு வருவோம். படகு தண்ணீரை விட்டு வெளியே இருக்கும்போது மட்டும்தான் இதைப் பார்க்க முடியும். போல்ட் போட்டு மாட்டிய கீல் என்றால் படகின் உடலான ஹல்லோடு சேரும் கோட்டில் முன்முனையிலும் பின்முனையிலும் விரிசல், துரு வழிசல் உண்டா என்று பாருங்கள், உள்ளே பின்முனைக்கு நேர் மேலே குறுக்குச் சட்டங்கள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்றும். எங்கோ பாறையில் மோதியிருந்தால் அங்கேதான் அடையாளம் இருக்கும். 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நால்வரும் போனார்கள். அந்தப் படகு அதற்கு முன்னால் பலமுறை தரை தட்டியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. "எப்போதாவது தரை தட்டியதுண்டா?" என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவரைவிட, "ஆமாம், எங்கே, எப்போது, என்ன செய்தேன்" என்று சொல்கிறவரை நம்பலாம்.

சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. அடிமுனையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் உள்ளே ஈரம் போய்ச் சட்டம் துருப்பிடிக்கிறது, அது பெரிய வேலை. அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆஸ்மோசிஸ் என்று பெரிதாகப் பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் படகை அது மூழ்கடிப்பதில்லை, விலையைக் குறைக்க நல்ல காரணம்.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று கிளம்ப வேண்டும், புகையோடு தண்ணீரும் பின்னால் துப்ப வேண்டும், கொஞ்ச நேரத்தில் புகை அடங்க வேண்டும். கறுப்பு, நீலம், வெள்ளை எது நின்று தொடர்ந்தாலும் மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த வெக்கையில் டீசல் தொட்டிக்குள் பாசி மாதிரி ஒன்று வளரும், அலை வந்து தொட்டி குலுங்கும்போது அது கிளம்பி ஃபில்டரை அடைக்கும், அதுவும் சரியாகத் துறைமுக வாயிலில். அதனால் தொட்டி அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினுக்குக் கீழே நேராக ஹல் வழியாக இறங்கும் செயில்டிரைவ் இருந்தால் அதன் ரப்பர் சவ்வு எப்போது மாற்றியது என்று கேளுங்கள். வோல்வோ சொல்வது 7 வருஷம். மாற்ற எஞ்சினையே நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால் யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள்.

தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஹல்லில் இருக்கும் ஒவ்வொரு வால்வையும் திருப்பிப் பாருங்கள். இறுகிப்போனதை வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம், கையோடு வந்துவிடும், படகு தண்ணீரில் இருந்தால் அன்றைய நாள் நாசம். மின்னல் விழுந்ததுண்டா என்றும் கேளுங்கள். மலாக்கா நீரிணையில் இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை, விழுந்த படகில் வயரிங் பல மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

இதெல்லாம் தாண்டிய படகுக்கு மட்டும் சர்வேயர். நீங்களே தேடிப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும், தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கட்டும், நீங்களும் கூடவே நில்லுங்கள். அறிக்கையில் எழுதாமல் வாயால் சொல்லும் வார்த்தைகள்தான் அதிகம் உதவும். பழைய படகுக்கு அந்த அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் காப்பீடும் கிடைக்காது.

ஒற்றை ஆளுக்கு என்றே சில

காக்பிட்டில், அதாவது படகோட்டி உட்காரும் பள்ளத்தில், உட்கார்ந்து டில்லரை (சுக்கானைத் திருப்பும் தடி) தொடையில் அணைத்துக்கொண்டு கை நீட்டுங்கள். முன்பாயின் கயிறு சுற்றும் விஞ்ச் எட்டுகிறதா? பெரிய பாயை இறக்கும் கயிறு? ஒன்றுக்காவது எழுந்து மேல்தளத்தில் முன்னால் போக வேண்டியிருந்தால், அதை காக்பிட் வரை கொண்டுவர என்ன செலவு என்று குறித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் வரும் சுமாத்ரா சூறைக்காற்று ஐந்து நிமிஷத்தில் பத்து நாட் வேகத்திலிருந்து நாற்பதுக்குப் போகும். பாயைச் சுருக்க அந்த ஐந்து நிமிஷம்தான்.

சுக்கானை விட்டுவிட்டு நகர முடியாத படகில் ஒற்றை ஆள் சாப்பிடவும் முடியாது, தூங்கவும் முடியாது. அதனால் விண்ட்வேன், இல்லையென்றால் நல்ல ஆட்டோபைலட், முடிந்தால் இரண்டும். டில்லர் உள்ள படகுக்கு ஆட்டோபைலட் மலிவு, வீல் உள்ள படகுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஒன்றுக்கொன்று ரேடியோவில் சொல்லும் ஏஐஎஸ் கருவி, அனுப்பவும் வாங்கவும் இரண்டும் செய்வதாக இருக்க வேண்டும். சுமாத்ராவின் வடமுனையிலிருந்து இலங்கையின் தென்முனை வரை கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் தடம், அதன் ஓரத்தில்தான் நீங்கள் இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகத் தூங்கப் போகிறீர்கள்.

பலரும் பார்க்காத ஒன்று ஏணி. தண்ணீரில் இருந்துகொண்டே இழுத்து இறக்கக்கூடிய ஏணியா? மேலே இருந்து ஒருவர் அவிழ்த்துவிட்டால்தான் இறங்கும் என்றால், மேலே யார் இருக்கிறார்கள்?

குடியிருக்க

மெரினாவில் அணியத்து அறையில் பெரிய கட்டில் கவர்ச்சியாகத் தெரியும். கடலில் அங்கே படுத்தால் தூக்கித் தூக்கிப் போடும். படகின் நடுவில், ஒடுக்கமாக, பக்கத்தில் துணித்தடுப்பு கட்டக்கூடிய ஒரு பெஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் உயரத்துக்குப் படுத்தும் பாருங்கள், நிமிர்ந்தும் நின்று பாருங்கள். அடுப்பு படகோடு ஆடாமல் தொட்டில் மாதிரி தொங்க வேண்டும். கேஸ் சிலிண்டர் காக்பிட் பக்கத்தில் தனிப் பெட்டியில், கசிந்தால் கடலுக்கு வழியும்படி இருக்க வேண்டும், கேபினுக்குள் இருந்தால் அங்கேயே தகராறு. குக்கர் நம் வீட்டு அயிட்டம், மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, வெள்ளைக்காரர்களும் படகில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பகலில் உச்சி வெயிலில் ஒருமுறை போய் ஒரு மணி நேரம் உள்ளே உட்காருங்கள். மேலே நிழல்துணி கட்ட இடம், காற்று வர ஹாட்ச், சின்ன ஃபேன், இவை இல்லாவிட்டால் நாலு நாளில் மெரினா ஏசிக்கு ஓடிவிடுவீர்கள். ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால் 200 வாட்டுக்காவது சோலார் தகடு வைக்க இடம் இருக்க வேண்டும். குடிக்க, சமைக்க நாளைக்கு நாலு லிட்டர் என்று தண்ணீர்த் தொட்டியைக் கணக்குப் போடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் விலையும்

கடலில் ஓட்டிப் பார்க்கும் நாளில் உரிமையாளரை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். நங்கூரத்தைக் கையால் தூக்குங்கள். பாயைச் சுருக்கி மறுபடி விரியுங்கள். விண்ட்வேனை மாட்டிவிட்டு அரை மணி நேரம் கையைக் கட்டி உட்காருங்கள். எஞ்சினை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி உஷ்ணமானியைப் பாருங்கள். திரும்பி வந்து ரிவர்ஸில் துறையில் சொருகுங்கள். அவர் பதறி எழுந்து உதவ வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விலையை சர்வே அறிக்கையை வைத்துத்தான் பேச வேண்டும், மனுஷரின் படகைக் குறைசொல்லி அல்ல. பல வருஷம் அதில் வாழ்ந்தவர்கள், படகைப் பழித்தால் விற்கவே மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். கம்பி மாற்ற இவ்வளவு, பாய்க்கு இவ்வளவு என்று விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு போய்க் காட்டினால் பெரும்பாலும் பாதியையாவது ஒத்துக்கொள்வார்கள். பருவம் முடிகிற மார்ச், ஏப்ரலில் ஊருக்குப் போகும் அவசரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

காகிதங்கள்

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே வாங்கிய படகை மலேசியப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள நினைத்தால் வரி உண்டா என்று முன்னாலேயே சுங்கத்தில் கேட்டுவிடுங்கள், இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டுச் சுங்கத்திலும். படகு ஆஸ்திரேலியக் கொடியிலோ பிரிட்டிஷ் கொடியிலோ இருந்திருக்கும். உரிமையாளர் மாறினால் அந்தப் பதிவு உங்களுக்கு அப்படியே வராது, பழைய பதிவை ரத்து செய்த சான்றிதழும் உங்கள் பெயரில் எந்த நாடு பதிவு தரும் என்ற விடையும் கையில் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பதிவில்லாத படகு அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்க முடியாது. முதன்முதலில் கட்டியவரிடமிருந்து இன்றைய உரிமையாளர் வரை விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, மெரினாவில் வாடகை பாக்கி உண்டா என்று அலுவலகத்திலேயே விசாரியுங்கள். பாக்கி படகோடுதான் வரும்.

பணம் கை மாறியபின் பழைய உரிமையாளரை இரண்டு நாளாவது கூடவே வைத்துக்கொண்டு எந்த வால்வு எங்கே, எந்த வயர் எங்கே போகிறது என்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விமானம் ஏறுவதற்குள் ரேடியோவிலும் ஏஐஎஸ்ஸிலும் பதிந்திருக்கும் எம்எம்எஸ்ஐ எண்ணை (படகின் ரேடியோ அடையாள எண்) மாற்ற ஏற்பாடு செய்யுங்கள், ஆபத்தில் சாட்டிலைட்டுக்குச் செய்தி அனுப்பும் ஈபர்ப் கருவியின் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அதன் பாட்டரித் தேதியையும் பாருங்கள். மாற்றாமல் விட்டால் நடுக்கடலில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மீட்பு மையத்திலிருந்து போன் போவது பிரிஸ்பேனில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும் அந்த மனுஷருக்குத்தான்.